குடிக்காதவர்கள் லண்டனின் பழைய பப்களைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா?

கேட்டது இதுதான்: "அப்பா அம்மாவோடு ஜூலையில் லண்டன் போகிறோம். வீட்டில் யாரும் குடிப்பதில்லை. பழைய பப்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் சுற்றுலா ஒன்று இருக்கிறதாமே, அதில் சேர்வது சரிப்படுமா, பணம் வீணா? சேர்ந்தால் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?"

சேருங்கள், தாராளமாகச் சேருங்கள். லண்டனில் அருங்காட்சியகங்களுக்கு அடுத்து நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

பப் என்றதும் டாஸ்மாக் கடை மனதில் வந்தால் உங்கள் அம்மா தயங்குவது நியாயம். ஆனால் மதிய நேரத்தில் ஒரு லண்டன் பப்புக்குள் எட்டிப் பார்த்தால் வயதானவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவர் மூலையில் செய்தித்தாள் படிப்பார், மேசைக்கடியில் ஒரு நாய் தூங்கும். எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ ஆரஞ்சுச் சாறோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே மது விற்கும் உரிமம் உள்ள கடைகள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2007 ஜூலை முதல் உள்ளே புகைபிடிக்கவும் தடை. ஆகவே நாற்றம், நெரிசல், கூச்சல் என்ற கவலைகளில் மிஞ்சுவது நெரிசல் ஒன்றுதான். அதைத் தவிர்க்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

சுற்றுலா நடக்கும் விதம் எளிமையானது. ஏதாவது ஒரு மெட்ரோ நிலைய வாசலில் வழிகாட்டி நிற்பார். இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. தெருக்களிலும் சந்துகளிலும் நடந்துகொண்டே கதை சொல்வார். வழியில் மூன்று நான்கு பப்களுக்குள் அழைத்துப் போவார். பெரும்பாலும் கட்டணத்தில் பானம் அடங்காது, அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். குடிக்காதவர்களுக்கு இது லாபமே. "பானங்கள் உட்பட" என்று விலை போட்டிருக்கும் சுற்றுலாக்களை விட்டுவிடுங்கள். அவற்றில் நேரமெல்லாம் கோப்பையிலேயே போய்விடும், கட்டடத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

வழிகாட்டி யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் வழிகாட்டியாகத் தொழில் செய்ய உரிமம் எதுவும் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளம்பலாம். அதனால் 'புளூ பேட்ஜ்' எனப்படும் நீலப் பட்டை பெற்றவரா, அல்லது பழைய நகரப் பகுதிக்கென்றே தேர்வெழுதி வந்த 'சிட்டி ஆஃப் லண்டன்' வழிகாட்டியா என்று பாருங்கள். நீண்ட பயிற்சியும், எழுத்துத் தேர்வும், தெருவில் நின்று பேசிக் காட்டும் தேர்வும் முடித்துத்தான் அந்தப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

தனியாகவே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். போகலாம், கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் தனியாகப் போனால் மரப்பலகையும் மங்கலான விளக்கும் மட்டும்தான் தெரியும். இந்தச் சுவர் ஏன் இங்கே நின்றுவிட்டது, இந்தக் கதவு யாரை வெளியே நிறுத்தியது, மேலே ஓடும் ரயில் இந்த இடத்தை என்ன செய்தது என்பதெல்லாம் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். ஊரைப் புரட்டிப் போட்ட தீ, சட்டம், சாதிபோலப் பிரிந்து நின்ற வர்க்கம், ரயில் எல்லாம் பப் கட்டடங்களில் தடம் விட்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வைக்காமல், கையால் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் அவை கிடைக்கின்றன. அதற்காகத்தான் இந்த நடையைப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு ஆண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்: 1666. அந்த செப்டம்பரில் நான்கு நாள் எரிந்த தீ, நகர மதிலுக்குள் பெரும்பகுதியைத் தின்றது. 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள் சாம்பலாயின. ஆகவே தீ பரவிய பகுதிக்குள் இருக்கும் ஒரு பப் "1500களில் இருந்து இதே கட்டடம்" என்று பலகை மாட்டியிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இடம் பழையதாக இருக்கலாம், நிலவறை பழையதாக இருக்கலாம். மேலே நிற்கும் சுவர் பெரும்பாலும் பிந்தியது. நல்ல வழிகாட்டி இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வார்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பகுதி ஃப்ளீட் தெருவிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் வரை. தூரம் குறைவு, தரை சமம், அப்பா அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

ஃப்ளீட் தெரு பல தலைமுறையாகப் பத்திரிகைத் தெரு. லண்டனின் முதல் தினசரியான 'டெய்லி கூரன்ட்' 1702இல் இந்தத் தெருவின் கிழக்கு முனையில்தான் அச்சானது. அச்சு இயந்திரங்கள் இரவெல்லாம் ஓட, நிருபர்களும் அச்சுக்கோப்பவர்களும் வக்கீல்களும் பக்கத்துப் பப்களில் கூடிச் செய்தியை மாற்றிக்கொண்டார்கள். 1986இல் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் அச்சகத்தை வாப்பிங்குக்கு மாற்ற, மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பத்திரிகைகள் போய்விட்டன, அவை வளர்த்த பப்கள் நிற்கின்றன.

அதில் பெரிய பெயர் 'யி ஓல்டு செஷயர் சீஸ்'. தெருவிலிருந்து வைன் ஆபீஸ் கோர்ட் என்ற குறுகிய சந்துக்குள் திரும்ப வேண்டும். 1666 தீயில் பழைய கட்டடம் போய், 1667இல் திரும்பக் கட்டியது. வாசலில் ஒரு பலகை: அதன் பிறகு இந்த வீடு பார்த்த ராஜா ராணிகளின் பெயர்கள் வரிசையாக. உள்ளே ஜன்னல் வெளிச்சம் குறைவு, தரையில் மரத்தூள், குளிர்காலத்தில் கணப்பில் கரி நெருப்பு. கீழே போகப் போக அறைக்குள் அறை. அந்த நிலவறைகள் அங்கே முன்பு இருந்த கார்மலைட் துறவியர் மடத்தைச் சேர்ந்தவை என்பார்கள். படிகள் செங்குத்து, தலையிலும் இடிக்கும்; அப்பா அம்மாவை மேல்தளத்திலேயே உட்கார வைப்பது நல்லது. இங்கே பாலி என்ற கிளி இருந்தது. கெட்ட வார்த்தைகளுக்குப் பேர்போனது. 1926இல் அது செத்தபோது உலகெங்கும் பத்திரிகைகள் இரங்கல் செய்தி போட்டன. பத்திரிகைத் தெருவின் கிளி அல்லவா!

இங்கேதான் வழிகாட்டியை எடைபோடலாம். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் இந்தப் பப்பில் உட்கார்ந்துதான் பேசுவார், இதோ அவர் இருக்கை என்று பலர் சொல்வார்கள். 1755இல் வெளிவந்த அந்த அகராதியை ஜான்சன் உருவாக்கிய வீடு கூப்பிடு தூரத்தில், கஃப் சதுக்கத்தில் இன்றும் இருக்கிறது. வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் அவர் பேச்சையெல்லாம் விடாமல் எழுதி வைத்த பாஸ்வெல் இந்தப் பப்பின் பெயரைக் குறிப்பிடவே இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் மீதி இரண்டு மணி நேரமும் நம்பிக் கேட்கலாம்.

அதே செஷயர் சீஸில், வாசலுக்கு வலப்பக்கச் சிறிய அறைக் கதவின் மேல் இன்னொரு பழைய பலகை: இந்த அறையில் ஆண்களுக்கு மட்டுமே பரிமாறப்படும் என்று. இப்போது அது வெறும் நினைவுப்பொருள். ஆனால் அந்த வழக்கம் ஒன்றும் தொலைதூரக் கதை அல்ல. இதே தெருவில் 'எல் வீனோ' என்ற மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்டரில் நின்று வாங்கக்கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால்தான் கொண்டுவந்து தருவோம் என்று வைத்திருந்தார்கள். நிருபர்களும் வக்கீல்களும் அந்தக் கவுன்டரில் நின்றுதான் தொழில் பேசினார்கள். அங்கே நிற்க முடியாத பெண்ணுக்குச் செய்தியும் கிடைக்காது, வழக்கும் கிடைக்காது. இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. 1982! என் கணக்கில் அந்த வாசலில் நின்று கேட்க வேண்டிய கதை, டிக்கன்ஸ் எங்கே உட்கார்ந்தார் என்பதைவிட இது.

ஃப்ளீட் தெரு முடியும் இடத்திலிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பி நடந்தால், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு எதிரே ஆப்பு வடிவத்தில் நிற்கிறது 'பிளாக்ஃபிரையர்'. லண்டனில் ஒரே ஒரு பப்தான் பார்க்க நேரம் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். டொமினிக்கன் துறவியர் மடம் இருந்த இடம் இது. ஃபிரையர் என்றால் துறவி, கருப்பு அங்கி அணிந்ததால்தான் அந்தப் பெயர். எட்டாம் ஹென்றிக்கும் அராகன் கேத்தரினுக்கும் நடந்த திருமணம் செல்லுமா என்ற விசாரணை 1529இல் அந்த மடத்தில்தான் நடந்தது. பத்தே ஆண்டுக்குள் மடத்தையே மூடிவிட்டார்கள். இப்போதைய கட்டடம் 1875இல் எழுந்தது. 1905 வாக்கில் ஃபுல்லர் கிளார்க் என்ற கட்டடக்கலைஞரும் ஹென்றி பூல் என்ற சிற்பியும் சேர்ந்து உள்ளே வேலையைத் தொடங்கினார்கள். சுவரெல்லாம் பல நிறப் பளிங்கு, செம்புப் புடைப்புச் சிற்பங்கள், மொசைக். எல்லாவற்றிலும் கொழுத்த, குதூகலமான துறவிகள்: ஒரு கூட்டம் பாடுகிறது, ஒரு கூட்டம் பழம் பறிக்கிறது, இன்னொரு கூட்டம் மீன் பிடிக்கிறது. மீன் சிற்பத்தின் தலைப்பு 'நாளை வெள்ளிக்கிழமை'. வெள்ளியன்று இறைச்சி கூடாது, ஆகவே இன்றே மீன் சேர்க்கிறார்கள். நம் வீட்டில் வெள்ளி விரதம் இருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பின்னால் ரயில் பாலத்தின் வளைவுக்கடியில் குகைபோல ஓர் அறை. அதன் சுவரில் 'அவசரம் தாமதம்', 'பகட்டு பைத்தியம்' என்கிற மாதிரி சிறுசிறு வாசகங்கள். கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதையும் 1960களில் இடிக்கத் திட்டம் போட்டார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னால் நின்று போராடியதால் தப்பியது.

இரண்டாம் நடைக்கு நேரம் இருந்தால் ஹோல்பர்ன் பகுதி. இங்கே பார்க்க வேண்டியது தடுப்புகள். விக்டோரியா காலத்துப் பப் ஒரே கூடமாக இருக்கவில்லை. கூலியாளுக்கு ஓர் அறை, எழுத்தருக்கு ஓர் அறை, கனவானுக்கு ஓர் அறை, வீட்டுக்கு வாங்கிப்போக ஒரு ஜன்னல் என்று மரமும் கண்ணாடியும் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரே பீப்பாயிலிருந்து வரும் பீருக்கு அறைக்கு அறை விலைகூட மாறும். பிறகு வந்த உரிமையாளர்கள் பெரும்பாலான இடங்களில் தடுப்புகளைப் பெயர்த்து எறிந்துவிட்டார்கள். ஹை ஹோல்பர்னில் உள்ள 'பிரின்சஸ் லூயிஸ்' பப்பில் மட்டும் 2007, 2008 வாக்கில் அவற்றைத் திரும்பச் செய்து வைத்தார்கள். 1891இல் பதித்த ஓடுகளும் செதுக்கிய கண்ணாடிகளும் அப்படியே மின்னுகின்றன. ஆண்கள் கழிப்பறையின் பளிங்குத் தொட்டிகளைக்கூட வழிகாட்டிகள் விட்டுவைக்காமல் காட்டுகிறார்கள், தப்பில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாம்ப்ஸ் காண்டுயிட் தெருவில் 'தி லாம்ப்'. அதன் கவுன்டரில், முகத்தின் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் சுழல்கின்றன. குடிக்க வந்த கனவான், ஊற்றிக் கொடுப்பவர் தன் முகத்தைப் பார்த்துவிடாமல் அதைத் திருப்பி மறைத்துக்கொள்வார். காசை நீட்டும் கையும் கோப்பையை வாங்கும் கையும் மட்டும் கீழே தெரியும். அதை ஒருமுறை நீங்களே திருப்பிப் பாருங்கள்.

ஹாட்டன் கார்டன் நகைக்கடைகளுக்கு நடுவே, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தில் 'யி ஓல்டு மைட்டர்' ஒளிந்திருக்கிறது. ஈலி ஆயரின் அரண்மனை வேலைக்காரர்களுக்காக 1546இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1772 வாக்கில் கட்டியது. முன்னறை மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தண்டு. முதலாம் எலிசபெத் ராணி அதைச் சுற்றி ஆடினார் என்பது வாய்மொழிக் கதை. சனி ஞாயிறு பொதுவாக மூடியிருக்கும், கவனம்.

ஆற்றுக்குத் தென்கரையில் சதர்க்கில் 'ஜார்ஜ் இன்' இருக்கிறது. இது பப்பாகப் பிறந்தது அல்ல, குதிரைவண்டிப் பயணிகள் தங்கும் சத்திரம். நகரத்துக்குள் போக நெடுங்காலம் லண்டன் பாலம் ஒன்றே வழி; இரவில் பாலத்தின் வாயில் மூடிவிடும். தெற்கிலிருந்து வருகிறவர்கள் இக்கரையிலேயே தங்க வேண்டியதுதான். அதனால் இந்தத் தெரு முழுக்கச் சத்திரங்கள். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதையில் கான்டர்பரி யாத்திரை கிளம்பும் 'டாபர்ட்' சத்திரமும் பக்கத்து முற்றம்தான், 1870களில் இடித்துவிட்டார்கள். சதர்க்குக்கென்று தனியாக 1676இல் ஒரு தீ வந்தது. ஜார்ஜை மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மரத் தாழ்வாரம் இருந்தது. ரயில் வந்ததும் வண்டித் தொழில் படுத்தது. நிலத்தை வாங்கிய ரயில் நிறுவனம் இரண்டு பக்கத்தை இடித்துக் கிடங்காக்கியது. மிஞ்சிய ஒரு பக்கம்தான் இன்று லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே தாழ்வாரச் சத்திரம். 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் சொத்து.

நமக்குத் தொடர்புள்ள தடம் ஒன்றும் உண்டு. லெடன்ஹால் தெருவில் இன்று லாயிட்ஸ் காப்பீட்டுக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது, 1861இல் இடித்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்கு யாரை அனுப்புவது, எவ்வளவு வரி என்பதெல்லாம் முடிவானது அங்கே. பக்கத்து ஃபென்சர்ச் தெருவில் 'ஈஸ்ட் இந்தியா ஆர்ம்ஸ்' என்ற சின்னச் செங்கல் பப் அந்தப் பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது. இந்தப் பகுதியில் 'இந்தியா பேல் ஏல்' என்ற பீர் வகையின் கதை கட்டாயம் வரும்: கடல் பயணத்தில் பீர் கெட்டுப்போனது, ஹாட்ஜ்சன் என்பவர் அதற்காகவே புதுப் பீர் கண்டுபிடித்தார் என்று. அவ்வளவு நேரானது அல்ல. ஹாட்ஜ்சனின் ஆலை கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில், கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்குக் கடனும் கொடுத்தார். இந்தியா போகும் கப்பலில் காலி இடம் நிறைய இருந்ததால் சரக்குக் கூலி குறைவு. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று பீப்பாய்கள் இறங்கின. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் கெடாமல்தான் வந்தது. அந்தக் கதையில் வேதியியலைவிட வியாபாரம்தான் அதிகம். அருகே செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் 'ஜமைக்கா வைன் ஹவுஸ்' இருக்கும் இடத்தில் 1652இல் லண்டனின் முதல் காபிக்கடை திறந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட அதுவே போதும்.

நிறவெறிக் கதையை லண்டன் நடைகளில் அதிகம் கேட்க முடியாது, நானே சொல்லிவிடுகிறேன். 1960களில் பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக் ஊரில் பல பப்கள் இந்தியர்களையும் கருப்பினத்தவர்களையும் உள்ளே விடவில்லை, விட்டாலும் ஓர் அறையோடு நிறுத்தின. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கருப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அங்கே நேரில் வந்து பார்த்தார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் 'தேசி பப்'கள் பல. அந்தப் பக்கம் போனால் தந்தூரிக் கோழிக்காகவாவது நுழையுங்கள்.

வாப்பிங் ஆற்றோர நடையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்சி அருமை, ஆனால் கதைகளில் கடற்கொள்ளையும் தூக்குக்கயிறும்தான் தூக்கல். கேப்டன் கிட் 1701இல் அங்கே தூக்கிலிடப்பட்டது உண்மை. அவர் பெயரில் உள்ள பப் 1980களுக்கு முன் இருந்ததில்லை.

சரி, நடைமுறை விஷயங்கள். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். டிப்ஸ் தேவையில்லை. குழுவில் யாராவது எல்லாருக்கும் வாங்க முன்வந்தால், அடுத்த சுற்று உங்கள் முறை என்று பொருள். விருப்பமில்லை என்றால் முதலிலேயே "நான் எனக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அப்பா ஒருவேளை ருசி பார்க்க ஆசைப்பட்டால் அரை பின்ட் கேளுங்கள், 284 மில்லி. கைப்பிடி பம்பில் இழுத்து ஊற்றும் ஏல் 11 முதல் 13 டிகிரிக் குளிரில்தான் இருக்கும். அது கெட்டுப்போனதும் இல்லை, பிரிட்ஜ் ரிப்பேரும் இல்லை. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பீருக்கு அதுதான் சரியான சூடு. சைவச் சாப்பாடு ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். சிப்ஸை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் மாட்டுக்கொழுப்பு.

"அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மேய்டா வேல் பகுதியில் 'கார்ல்டன் டாவர்ன்' என்ற 1920களின் பப் ஒன்று. பாதுகாப்புப் பட்டியலில் சேரப் போகிறது என்ற நிலையில், 2015 ஏப்ரலில் உரிமையாளர் தரப்பு அனுமதியில்லாமல் புல்டோசர் விட்டு இடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. முன்பே சந்தேகப்பட்டு ஓடுகளையும் அலங்காரங்களையும் அச்செடுத்து ஆவணப்படுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நகராட்சி, இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. கட்டினார்கள். 2021இல் திறந்தது. இடிந்ததில் கிடைத்த பழைய செங்கற்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லாப் பப்புக்கும் இப்படி ஊர் திரண்டு நிற்பதில்லை. ஆண்டுதோறும் பல மூடிக்கொண்டேதான் இருக்கின்றன.

நெரிசல் பற்றிச் சொன்னேன் அல்லவா. மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை அலுவலகக் கூட்டம் நடைபாதை வரை நிற்கும், வியாழக்கிழமை ரொம்ப மோசம். உள்ளே சிற்பத்தைப் பார்க்க முடியாது, வழிகாட்டி பேசுவதும் காதில் விழாது. வார இறுதியில் பழைய நகரப் பகுதியில் பாதி பப் மூடியிருக்கும். ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஃப்ளீட் தெரு நடையைத் தேடிப் பதிவு செய்யுங்கள். நான்கு மணி வாக்கில் பிளாக்ஃபிரையரில் முடியும். ஜூலையில் இருட்ட ஒன்பதரை ஆகும், அங்கிருந்து ஆற்றைக் கடந்து மெதுவாக நடந்தால் ஜார்ஜ் இன் முற்றத்தில் மூவரும் உட்கார இடம் கிடைக்கும்.